திட்டப் பணியில் பழகுநர் பயிற்சி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

வெள்ளி விழாவில் பேச வருகிறவர்கள் கடந்த காலத்தின் அருமை பெருமைகளை எடுத்துரைப்பது வழக்கம். அப்பணியை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, படிப்பை முடித்த நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வழியைப் பற்றியது. அவ்வழிகளுள் நம்மவர் அதிகம் அறியாத ஒன்றை, அதாவது திட்டப் பணிகளை நிருவகிக்கும் துறையில் பழகுநராகச் சேர்ந்து பயிலும் முறையை, இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

நாம் வாழும் இடத்தைச் சற்று நோக்குங்கள். திருப்போரூரிலிருந்து வடக்கே பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் சென்றால் சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. அருகிலேயே ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டை. கடற்கரைப் பக்கம் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். நெம்மேலியின் முதல் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில் 2013 ஆம் ஆண்டிலும், இரண்டாம் நிலையம் 15 கோடி லிட்டர் அளவில் 2024 ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்றன. தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். இவற்றை எழுப்பிய காலங்களில் செங்கல்லும் சல்லியும் சுமந்த கைகளுள் நம் தெருக்களின் கைகளும் இருந்தன. ஆனால் எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிய வேண்டும், அதற்கு எத்தனை ஆட்கள், எவ்வளவு பணம் என்று தாளில் வகுத்த இடத்தில் நம்மவர் எத்தனை பேர் அமர்ந்திருந்தனர்? இக்கேள்வியே இவ்வுரைக்குக் காரணம்.

திட்ட மேலாண்மை என்னும் சொல்லைக் கேட்டவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. தொடக்கமும் முடிவும் உடைய ஒரு வேலையை, குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த தரத்தில் முடித்துக் கொடுப்பதே அது. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், வினைசெயல்வகை என்று அதிகாரம் அதிகாரமாக இதைத்தான் வகுத்தார். ஒரு செயலில் இறங்குமுன் செல்வம், கருவி, பருவம் முதலியவற்றை ஐயமற ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. அரசர்க்குச் சொன்ன அந்த அறிவு இன்று ஒரு தொழிலாக, சம்பளம் தரும் உத்தியோகமாக வளர்ந்திருக்கிறது.

பழகுநர் என்பவர் யார்? ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்குள்ள வேலையைச் செய்துகொண்டே அத்தொழிலைக் கற்பவர். கற்கும் காலத்தில் அவருக்கு உதவித்தொகை உண்டு. முடிவில் சான்றிதழ் உண்டு.

இவ்விடத்தில் நம் மூத்தோர் ஒருவர் எழுந்து, 'ஐயா, வேலை செய்துகொண்டே தொழில் கற்பது நமக்குப் புதிதா? பிறந்த நாள் முதல் அதைத்தானே நம் மீது சுமத்தினார்கள்?' என்று கேட்பாரானால், அக்கேள்வி நியாயமானதே. 1953 ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறப் பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி பள்ளியிலும், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்பது அது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். தந்தை பெரியார் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரானபின் 1954 ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் பறை அடித்தவர் பிள்ளை பறையையும், ஏர் ஓட்டியவர் பிள்ளை ஏரையும் தாண்டியிருக்க முடியாது. இம்மேடையில் நின்று நான் பேசியிருக்கவும் முடியாது.

ஆகவே இரண்டையும் வேறு பிரித்தறிய வேண்டும். குலத்தொழிலில் பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கிறது. அதில் ஒப்பந்தம் இல்லை, கால வரையறை இல்லை, சான்றிதழ் இல்லை, விட்டு விலகும் உரிமையும் இல்லை. சட்டத்தின் வழிப்பட்ட பழகுநர் பயிற்சியில் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். காலம் ஓராண்டு என்றால் ஓராண்டே. கற்பிக்க வேண்டியவை ஏட்டில் எழுதப்பட்டுள்ளன. சாதி என்பது உழைப்பைப் பங்கிடும் ஏற்பாடு மட்டுமன்று, உழைப்பவரையே மேல் கீழாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936 ஆம் ஆண்டு வெளியிட்ட சாதி ஒழிப்பு பற்றிய நூலில் விளக்கினார். அப்பிரிவினையை உடைக்கும் கருவிகளுள் ஒன்று, பிறர் காத்துவைத்த தொழிலுக்குள் நாம் முறைப்படி புகுந்து கற்பது.

நம் அருகிலேயே இதற்கொரு சான்று உண்டு. கல்லில் சிலை வடிக்கும் கலை நெடுங்காலம் சில குடும்பங்களுக்குள் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று சென்றது. 1957 ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. விண்ணப்பம் போட்டுச் சேரலாம் என்ற நிலை வந்தபோதே, பிறப்பினால் அடைபட்டிருந்த கதவு திறக்கத் தொடங்கிவிட்டது.

அண்ணல் அவர்களைச் சட்ட மேதையாக மட்டுமே நாம் போற்றுகிறோம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, நீர்ப்பாசனம், மின்சாரம் ஆகிய துறைகளையும் அவர் கவனித்தார் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். வெள்ளத்தால் அழிவு செய்துவந்த தாமோதர் ஆற்றைக் கட்டுப்படுத்தி, பாசனமும் மின்சாரமும் ஒருங்கே பெறும் பல்நோக்குத் திட்டத்தை அமெரிக்காவின் தென்னசி பள்ளத்தாக்கு அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு வகுப்பதில் அவருடைய துறை முன்னின்றது. 1948 ஆம் ஆண்டு தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாயிற்று. ஆகவே திட்டம் தீட்டும் மேசை நமக்கு அந்நியமானது என்று எவரும் நம்மிடம் சொல்ல முடியாது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். பழகுநர் சட்டம் 1961 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1973 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். அதே திருத்தத்தில்தான் குறித்த தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கும் 3ஏ என்னும் பிரிவும் புகுத்தப்பட்டது. 2014 ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. 2019 ஆம் ஆண்டு விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தல் கட்டாயம். அதே விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5000 ரூபாய் முதல் பட்டதாரிக்கு 9000 ரூபாய் வரை என்று வகுத்தன. பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் தென் மாநிலங்கள் அளவில் இப்பணியைக் கவனிக்கும் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது.

சட்டம் பேசிக்கொண்டே போனால் இளைஞர்க்கு அலுப்புத் தட்டும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் அனுபவத்தைக் கூறுகிறேன். தம் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றைச் சொல்லவில்லை. அவருடைய தாய் கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாள். தந்தை இல்லை. தங்கை ஒருத்தி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்று, 2022 ஆகஸ்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டுமான இடத்தில், திட்டமிடல் பிரிவில், ஓராண்டுப் பட்டதாரிப் பழகுநராகச் சேர்ந்தார்.

முதற் சிக்கல் வீட்டிலேயே எழுந்தது. உதவித்தொகை 9000 ரூபாய். கொத்தனார் வேலைக்குச் செல்லும் பக்கத்து வீட்டு இளைஞர் அதைவிட அதிகம் ஈட்டினார். 'பட்டம் படித்தவன் கொத்தனாரை விடக் குறைந்த காசுக்குப் போவதா?' என்று உறவினர் ஏளனம் செய்தனர். அப்போது அந்தத் தாய், 'இன்னும் ஒரு வருஷம் நான் கல்லு தூக்குறேன், நீ போய்க் கத்துக்கிட்டு வா' என்று சொல்லி அனுப்பினார். அந்த ஓராண்டின் முழு விலையையும் கொடுத்தவர் அந்தத் தாயே. இதனை நினைவில் வையுங்கள். இவ்வுரையின் முடிவில் சங்கத்தின் முன் நான் வைக்கப்போகும் வேண்டுகோள் இதிலிருந்தே பிறக்கிறது.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் அவர் செய்தது, ஒவ்வொரு நாளும் எந்தத் தளத்தில் எவ்வளவு வேலை நடந்தது, எத்தனை கம்பி கட்டும் ஆட்கள், எத்தனை தச்சர், எத்தனை சித்தாள் வந்தனர் என்று எண்ணித் தினசரி அறிக்கை எழுதியதுதான். இதற்கா பொறியியல் படித்தோம் என்று தமக்குத் தோன்றியதாகச் சொன்னார். மூன்றாம் வாரத்தில் அவருக்கொரு உண்மை புலப்பட்டது. அலுவலகத்துத் திட்டத்தாளில் ஒரு தளத்துக்கு 10 நாள் என்று எழுதியிருந்தது. அவர் எண்ணிய கணக்கில் ஒவ்வொரு தளமும் 13 அல்லது 14 நாள் எடுத்தது. தாளில் உள்ளதற்கும் தரையில் உள்ளதற்கும் இடையே நிற்கும் அந்த 3 அல்லது 4 நாளை முதலில் கண்டவர் எண்ணும் வேலை செய்த அப்பழகுநர்தான்.

அவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள்: இன்று நடந்திருக்க வேண்டியது, இன்று நடந்தது, வேறுபாட்டுக்குக் காரணம். மூன்றாம் பத்தியில் அவர் எழுதியவற்றை நான் படித்தேன். ரெடிமிக்ஸ் காங்கிரீட் லாரி சாலை நெரிசலில் சிக்கியது. காங்கிரீட்டைக் கலந்து ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பதால் திருப்பி அனுப்பினர். சென்ட்ரிங் பலகை அடுத்த கட்டடத்திலிருந்து வரவில்லை. ஊரில் திருவிழா, ஆட்கள் இல்லை. இப்படி ஓராண்டுக் காரணங்கள். எந்தக் கல்லூரியும் கற்பிக்காத பாடநூல் அது.

இடையில் கசப்பான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. மேற்பார்வையாளர் ஒருவர் அவருடைய ஊரைக் கேட்டார். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்டார். மாணவர் மறைக்காமல் தெருவின் பெயரைச் சொன்னார். மறுநாள் முதல் வரைபடங்கள் அவர் மேசைக்கு வருவது நின்றது. சிமெண்டு மூட்டை எண்ணுவதும், கூட்டத்துக்குத் தேநீர் வாங்கி வருவதுமே வேலையாயிற்று. மூன்று வாரம் பொறுத்தார். பிறகு பயிற்சிக்குப் பொறுப்பான அலுவலர்க்கு ஒரு கடிதம் எழுதினார். ஒப்பந்தப்படி தமக்குக் கற்பிக்க வேண்டியவை இவை, கடந்த மூன்று வாரத்தில் நாள்தோறும் தமக்குத் தரப்பட்ட வேலைகள் இவை என்று, குறிப்பேட்டின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தார். ஒரு வாரத்தில் அவர் மீண்டும் திட்டமிடல் மேசைக்கு மாற்றப்பட்டார்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், 'ஏன் சாதியைச் சொல்லிப் புகார் செய்யவில்லை?' என்று என்னிடம் வினவினார். 1989 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் உள்ளது. சாதி சொல்லி இழிவு செய்யும் இடத்தில் அதைப் பயன்படுத்தத் தயங்கவே கூடாது. ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல், வேலையைக் கொடாமல் ஒதுக்கும் இடங்கள் இன்று அதிகம். அங்கே நாள், மணி, வேலை என்று எழுதிய ஏடு இல்லையேல் எந்தச் சட்டமும் நமக்குச் சாட்சி சொல்லாது. புகாராகச் சென்றாலும் கோரிக்கையாகச் சென்றாலும் அந்த ஏடே அடிப்படை.

இனி, அம்மாணவர் கற்ற கலையின் சாரத்தை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். அமெரிக்கப் பொறியாளர் என்றி காண்ட் என்பவர் பெயரால் வழங்கும் பட்டை வரைபடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு வேலையும் எந்நாள் தொடங்கி எந்நாள் முடியும் என்பதைக் கோடுகளாகக் காட்டுவது அது. 1957 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் அதற்கு மேற்பட்ட முறையொன்று உருவாயிற்று. அதை நெருக்கடிப் பாதை முறை எனலாம்.

ஒரு கணக்காகப் பாருங்கள். பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டுகிறோம். கடைக்கால் 12 நாள்; தூணும் சுவரும் 20 நாள்; மேல்தளத்துக்குச் சென்ட்ரிங்கும் கம்பியும் 8 நாள்; காங்கிரீட் போட 1 நாள்; முட்டுப் பிரிக்கும் வரை காத்திருக்க 14 நாள்; பூச்சு வேலை 10 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். கூட்டினால் 65 நாள். மாணவர் அமரும் இருக்கைகளைச் செய்யத் தச்சருக்கு 25 நாள் போதும். அவ்வேலை 40 ஆம் நாளில் தொடங்கினாலும் கட்டடம் தாமதமாகாது. ஆனால் சென்ட்ரிங் வேலை ஒரு நாள் தவறினால் திறப்பு விழாவும் ஒரு நாள் தவறும். முன்னதற்கு 40 நாள் இடைவெளி உண்டு; பின்னதற்கு ஒரு நாள்கூட இல்லை. எந்த வேலைக்கு இடைவெளி இல்லை என்று கண்டு அங்கே கண்ணை வைப்பதே இக்கலையின் உயிர்நாடி. எல்லாவற்றையும் ஒரே அளவில் விரட்டுகிறவர் நல்ல மேலாளர் ஆகார்.

காத்திருக்கும் அந்த 14 நாளைக் குறைக்கலாமே என்று ஆசை எழும். காங்கிரீட் தன் முழு வலிமையைப் பெற்றதா என்பதை 28 ஆம் நாள் கட்டியைச் சோதித்தே முடிவு செய்கின்றனர். அவசரப்பட்டு முட்டைப் பிரித்தால் தளம் விரிசல் விடும்; உயிரும் போகலாம். விரைவு என்பது வேறு, அவசரம் என்பது வேறு.

அம்மாணவர் அடுத்த மூன்று வாரத்துக்கான வேலைத் திட்டத்தை முதன்முறை தாமே தயாரித்தது நவம்பர் இறுதியில். அதைக் கையில் வாங்கிப் பார்த்த முதிய கொத்தனார் மேஸ்திரி, 'தம்பி, உன் தாளிலே மழை எங்கே?' என்று கேட்டாராம். வடகிழக்குப் பருவமழையின் நடுவே வெளிப்பூச்சு வேலையை அவர் எழுதியிருந்தார். அன்று மாலையே அதை மாற்றி, உட்புற வேலைகளை முன்னே வைத்தார். 2022 டிசம்பர் 9 ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது, அவ்விடத்தில் வெளிப்புறச் சாரங்களில் ஆட்களும் இல்லை, தளர்ந்த பொருள்களும் இல்லை. உயரமான கிரேனின் கையைக் காற்றுக்குத் தானே திரும்பும்படி விட்டிருந்தனர். இடர்ப்பாட்டை முன்னறிந்து எழுதிவைத்தல் என்று ஆங்கில நூல்கள் பெரிய பெயரிட்டுச் சொல்வதை, பள்ளிக்கே போகாத மேஸ்திரி ஒரு வினாவில் கற்பித்துவிட்டார். நம் தாய் தந்தையரின் அனுபவம் அறிவு இல்லையென்று எண்ணும் இளைஞர் இதைக் கருத்தில் கொள்க.

ஓராண்டு முடிந்தது. அந்நிறுவனம் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பழகுநருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவர் தொழிலாளர் அல்லர், பயிற்சியாளரே என்பதும் சட்டத்தின் நிலை. ஆயினும் பயிற்சிச் சான்றிதழையும் அக்குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் நேர்முகத்துக்குச் சென்றார். சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறிப்பேட்டை நின்று படித்தார்கள். திட்டமிடல் உதவியாளராக அங்கே அமர்த்தப்பட்டார். இப்போது அவருடைய தாய் செங்கல் சுமப்பதில்லை.

பெரிய மனிதர்களும் இவ்வாறு தொடங்கியவர்களே. தில்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன் அவர்கள் 1954 ஆம் ஆண்டு தென்னக இரயில்வேயில் பயிற்சிநிலைப் பொறியாளராகச் சேர்ந்தவர். 1964 டிசம்பர் புயல் பாம்பன் பாலத்தைச் சிதைத்தபோது, அதைச் சீரமைக்க மாதக்கணக்கில் கெடு விதித்தனர்; அவர் 46 நாளில் முடித்தார். மாறாக, கல்பாக்கத்தில் 2004 ஆம் ஆண்டு தொடங்கிய அதிவேக ஈனுலை 2010 ஆம் ஆண்டு முடியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதன் உலைக்கலத்தை நிரப்பும் பணியே 2024 மார்ச் மாதத்தில்தான் தொடங்கிற்று. புதிய தொழில்நுட்பத்தில் தாமதம் இயல்பு. எனினும் காலத்தைக் கணிப்பது எவ்வளவு கடினம், அதைச் சரிவரக் கணிப்போர்க்கு எவ்வளவு தேவை என்பதை நம் மாவட்டமே காட்டுகிறது. இங்கிலாந்தில் திட்ட மேலாண்மை தனியொரு பழகுநர் பிரிவாகவே உள்ளது. பட்டம் பெறாத இளைஞரும் சம்பளம் பெற்றுக்கொண்டே அதைக் கற்கின்றனர். பெரிய நிறுவனங்கள் பழகுநர் பயிற்சிக்கென்றே 2017 முதல் அங்கு வரி செலுத்துகின்றன.

இளைஞர்களே! இப்பயிற்சியில் சேர விரும்புவோர் சிலவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது, ஒப்பந்தம் அரசின் இணையத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் பயிற்சி என்ற பெயரில் ஆள் எடுக்கும் இடங்களில் சட்டப் பாதுகாப்புக் கிடையாது. இரண்டாவது, உதவித்தொகை உங்கள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். மூன்றாவது, பணியிடத்தின் உடல்நல, பாதுகாப்பு விதிகள் பழகுநர்க்கும் பொருந்தும். தலைக்கவசமும் பாதுகாப்புக் கச்சையும் இல்லாமல் உயரத்தில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். நான்காவது, பணம் கட்டினால் பழகுநர் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். உதவித்தொகை பெற்றுக் கற்கும் இடத்துக்கு நாம் கட்டணம் கொடுப்பதேன்? பி.எம்.பி. முதலிய பன்னாட்டுச் சான்றிதழ்கள் பல ஆண்டு அனுபவத்துக்குப் பின் எழுத வேண்டியவை. அவற்றைப் புதியவர்க்கு ஆறே மாதத்தில் வாங்கித் தருவதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நம் பெண் பிள்ளைகளும் இதில் வர வேண்டும். கட்டடத்தில் கல் சுமக்கப் பெண் போகலாம், கணக்கு எழுதப் போகக் கூடாதா? அவர்களை அனுப்புமுன், பணியிடத்தில் கழிப்பறை உண்டா, மாலையில் திரும்பப் பேருந்து உண்டா என்று சங்கத்தின் பெரியோர் இருவர் நேரில் சென்று பார்த்து வந்தால் பெற்றோரின் தயக்கம் பாதி தீரும்.

இறுதியாக, சங்கத்தின் முன் வேண்டுகோள் மூன்றினை வைக்கிறேன். பழகுநராகச் சேரும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஓராண்டுக் காலத்துக்குப் பேருந்துச் செலவும் மதிய உணவுச் செலவும் தர ஒரு நிதியை இவ்வெள்ளி விழாவின் நினைவாகத் தொடங்குங்கள். கூலிக்கும் உதவித்தொகைக்கும் இடையே உள்ள பள்ளத்தை ஒரு தாய் தனியே சுமக்க வேண்டாம். சமுதாயம் சேர்ந்து சுமக்கட்டும். இரண்டாவதாக, பட்டம் பெறும் ஒவ்வொருவர் பெயரையும் ஏட்டில் எழுதி, தரமணி வாரியத்தின் இணையப் பதிவிலும் நான் முதல்வன், தாட்கோ ஆகியவற்றின் பயிற்சிகளிலும் அவர்களைப் பதிவு செய்விக்கும் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். மூன்றாவதாக, பயிற்சி முடித்தவர் ஒவ்வொருவரும் அடுத்து வரும் ஒருவர்க்கு ஓராண்டு வழிகாட்ட வேண்டும் என்பதைச் சங்கத்தின் வழக்கமாக்குங்கள்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893 ஆம் ஆண்டு பத்திரிகை தொடங்கி, 1930 ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாடு வரை சென்று நமக்காக வாதாடினார். அவர் பிறந்த மாவட்டத்தில், பள்ளி வாசலைக் கடக்கப் போராடிய தலைமுறை ஒன்று, பட்டம் பெறப் போராடிய தலைமுறை ஒன்று. பட்டத்தை வேலையாக்கும் போராட்டம் இந்தத் தலைமுறைக்கு உரியது. அதற்கு முழக்கம் மட்டும் போதாது. நாள்தோறும் எழுதும் ஓர் ஏடும், அதை எழுத ஓராண்டு பொறுமையும், அந்த ஓராண்டைத் தாங்கும் சமுதாயமும் வேண்டும். அவ்வளவும் நம்மிடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.